ஏறிக்கொண்டே போன ஆயில்

என்ஜினில் ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறிப்போய்ப் பட்டறைக்கு ஓடிவருவார்கள். ஆயில் கூடுகிறது என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. இந்தக் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஏறிப்போகும் குட்டி வண்டிகளைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் நாற்பத்திரண்டு வண்டிகள். கூடுகிறது என்று வந்து கேட்டவள் என் மனைவி ஒருத்திதான்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

முதுகுத்தண்டைத் தாக்கிய ஒரு காய்ச்சலில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவளைத் தூக்கிச் சுமந்தவன் நான். குளிப்பாட்டுவேன், தலை வாரிவிடுவேன், ஜன்னல் ஓரமாக உட்கார வைப்பேன். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. குவார்ட்டர்ஸில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை "ஏங்க" என்று கூப்பிடுவாள். பட்டறை வீட்டை ஒட்டியே இருப்பதால் ஒன்றுவிடாமல் காதில் விழும். நான் எண்ணிக்கொண்டே வேலை செய்வேன்.

வண்டியைச் செய்து கொடுத்தவனும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கழித்துப் போட்ட பெட்ரோல் வண்டி ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, காலால் மிதிப்பதையெல்லாம் கையால் இழுக்கிற மாதிரி மாற்றினேன். பொழுது போகாமல் கிடக்கிறாளே, வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போய் வரட்டும் என்று நினைத்தேன். அவள் நேராக மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் நாற்றங்காலுக்குப் போனாள். ஒரே மாதத்தில் அங்கே அவளுக்கு வேலையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நகக்கண்ணெல்லாம் மண்ணோடு வருவாள். வாய் ஓயாமல் செடிகளைப் பற்றிப் பேசுவாள். நீங்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். அங்கே இருக்கும் தோட்டக்காரர் பேரன் பேத்தி எடுத்தவர், அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அந்த மாதிரி சந்தேகமே வந்ததில்லை. "ஏங்க"தான் குறைந்துபோனது. நாற்பது ஏழாகி, ஒரு நாள் இரண்டுக்கு வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

இந்த வண்டிகளின் பெட்ரோல் பம்புக்குள் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. என்ஜின் ஓடும்போது அது துடித்துத் துடித்துப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளும். அதில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் பக்கத்துக் குழாய் வழியாக என்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் அளவு கூடும், தண்ணீராக இளகும், வண்டி புகை கக்கும். ஒரு மதியம் அவள் தூங்கும்போது பம்பைக் கழற்றி, சவ்வில் ஒரே ஒரு குத்து குத்தினேன். அவளுடைய தையல் டப்பாவில் இருந்த ஊசிதான். திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

தினமும் காலையில் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்க்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான்காம் நாளே கேட்டாள்.

"ஏங்க, ஆயில் ஏறுது. எறங்குனாக்கூடப் புரியும். ஏறுமா?"

முகர்ந்து பார்த்துவிட்டுப் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றும் அவளே சொன்னாள். கார்புரேட்டர் கோளாறு என்றேன். அவள் கண்ணெதிரிலேயே அதைப் பிரித்து, மிதவையை மாற்றி, ஊசி வால்வை மாற்றி, புது ஆயில் ஊற்றினேன். வேலையை நான்கு நாள் இழுத்தேன். அந்த நான்கு நாளும் அவள் கட்டிலில்தான். நாற்பது திரும்பி வந்தது. இப்படி ஐந்து தடவை பழுது பார்த்திருப்பேன். நாங்கள் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

ஆறாவது தடவை அவள் என்னிடம் கேட்கவில்லை. நிற்கும்போது கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் ஒழுகக் கூடாதென்று, வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் டியூபைக் கிளிப் போட்டு இறுக்குவாள். காலையிலும் மாலையிலும் அளவு பார்த்து, கதவுக்குப் பின்னால் பென்சிலால் கோடு போடுவாள். இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"கிளிப் போட்டு அடைச்சும் ஓடுற அன்னிக்கு ஏறுது. நிக்கிற அன்னிக்கு ஏறல. அப்ப அது கார்புரேட்டர் இல்லங்க, பம்பு."

பார்க்கலாம் என்றேன்.

"நீங்க சிரமப்பட வேணாம். அண்ணன் திங்கக்கிழமை டவுனுக்குப் போய்ப் புது பம்பு வாங்கிட்டு வர்றாரு. ரெண்டு போல்ட்டுதான், நானே கழட்டிப் பாத்துக்கறேன்."

தானாகக் கிழிந்த ரப்பர் பிசிறு பிசிறாக இருக்கும். ஊசி போட்ட ஓட்டை வட்டமாக இருக்கும். அவள் தையல் தெரிந்தவள்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை, புல்வெளியில் ஆள் நடமாட்டமே இருக்காது, நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற அவள் மட்டும் போவாள். அன்று காலை நானே ஆயில் பார்க்கிறேன் என்று கம்பியை உருவினேன். கோட்டுக்கு மேலே இரண்டு விரல் நின்றது. பாதிக்கு மேல் பெட்ரோல். துடைத்துவிட்டு, சரியாக இருக்கிறது, போய்விட்டு வா என்றேன். பாதி வழியில் என்ஜின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிடும், பிறகு பம்போடு சேர்த்து மொத்த வண்டியையும் காயலான் கடைக்குத் தள்ளிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. அவளுடைய போன் சார்ஜில் இருந்தது. கொடுக்க மறந்துவிட்டேன் என்று முதல் நாள் ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அவள் என்னைக் கூப்பிட வேண்டும், வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் என்று இருந்தது.

பதினோரு மணிக்குக் கிளம்பினாள், கொஞ்ச தூரத்திலேயே வண்டி நின்றது. பட்டறை ஜன்னலிலிருந்து இருநூறு அடி இருக்கும். குரல் கொடுத்தால் கேட்கும். நான் ஜன்னலிலேயே நின்றேன். அவள் இறங்கித் தரையில் உட்கார்ந்தாள், கூப்பிடவில்லை. ஸ்பேனரை எடுத்து வண்டிக்கு அடியில் ஏதோ கழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு கறுப்பாக ஒன்றை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இப்போது உங்கள் மேசைமேல் இருக்கும் ரப்பர்தான், அவள் கைக்குள்ளிருந்து எடுத்ததாகச் சொன்னீர்களே, அது. அப்புறம் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அசையவில்லை. இப்போது கூப்பிடுவாள், இதோ கூப்பிடுவாள் என்றே நின்றேன்.

அவள் கைகளை ஊன்றி ஊர்ந்து போனாள். நடுவில் ஆட்டத்துக்கென்று தோண்டிய ஒரு மணல் பள்ளம் இருக்கிறது. அதில் இறங்கியதும் தலை மறைந்துவிட்டது. ஏறி வருவாள் என்று காத்திருந்தேன். அன்றைய வெயிலில் அந்த மணலில் கை வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு மணி அடித்தது, இரண்டு அடித்தது. இடையில் ஒரு கார்புரேட்டரைக் கழுவி முடித்தேன். காதை மட்டும் வெளியிலேயே வைத்திருந்தேன். மூன்று மணிக்குத் தோட்டக்காரர்தான் புது பம்போடு வந்து அவள் உடலைக் கண்டெடுத்தார்.

நான்தான் செய்தேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்றங்கால் பக்கம் ஏன் போனாள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, அதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. உச்சி வெயில், பாவம், அவளுக்குத் திசை தெரியாமல் போயிருக்கும்.