ராஜாவின் குடியுரிமை மனு

— நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் இந்த நாற்காலி என்னைக் கீழ தள்ளட்டும், வக்கீலம்மா. அந்தத் தீவுல நான் ராஜாவா இருந்தது நிஜம்.

— அந்த நாற்காலிக்கு ஏற்கெனவே ஒரு கால் ஆடுதுங்க ஐயா, பாத்து உக்காருங்க. குடியுரிமை நேர்காணல்லயும் இதைத்தான் சொல்லிட்டு வந்தீங்களா?

— ஆபீசர் கேட்டாரு, சொன்னேன். கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணுங்கன்னாரு, பண்ணினேன். அடுத்த மூச்சுல, வேற நாட்டுல உங்களுக்கு அரச பட்டம் ஏதாவது உண்டான்னாரு. தூக்கின கையை இன்னும் முழுசா இறக்கக்கூட இல்ல. எப்படிம்மா இல்லேன்னு சொல்றது?

— எல்லாரும் இல்லேன்னுதாங்க சொல்லுவாங்க.

— எல்லாரும் ராஜாவா இருந்தவங்க இல்லையே.

— அவரு சிரிக்கவாவது சிரிச்சாரா?

— சிரிக்கிற முகமே கிடையாது. காலையிலேர்ந்து வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதே கேள்வியைக் கேட்டு வாய் உலர்ந்து போய் உக்காந்திருந்தாரு. நான் ஆமான்னதும் சாய்ஞ்சிருந்தவரு நிமிர்ந்தாரு பாருங்க, முகத்துல அப்படி ஒரு களை.

— களை அவருக்கு, தலைவலி எனக்கு. இப்ப என்ன கேட்டு எழுதியிருக்காங்க தெரியுமா? பட்டத்தைத் துறந்தாத்தான் இந்த நாட்டுக் குடிமகன் ஆகலாமாம். துறந்தாச்சுன்னு அந்தத் தீவு அரசாங்கத்துக்கிட்டேர்ந்து சான்று வாங்கிட்டு வரணுமாம்.

— வாங்கிட்டாப் போச்சு.

— விலாசம் சொல்லுங்க.

— அது காத்தடிக்கிற திசையைப் பொறுத்தது.

— ஐயா.

— மிதக்கிற தீவும்மா அது. கிழக்கே தலை வச்சுப் படுப்போம், எழுந்திருக்கும்போது தலை மேற்கே இருக்கும். மேப்பு போடறவரு ஒருத்தர் வந்து அளந்தாரு. குறிச்சுக்கலாம்னு பென்சிலைச் சீவிட்டுத் திரும்பினாரு, தீவைக் காணோம். அவரே நீஞ்சித்தான் கரை சேர்ந்தாரு.

— கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வெளிய காத்திருக்கறவங்க சிரிக்கறது இங்க கேக்குது. நான் விளையாடலைங்க. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு இப்ப எழுதிக் குடுத்தா, சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னதா ஆயிடும். மனு அன்னிக்கே தள்ளுபடி. நிஜம்தான்னு நின்னா, சான்று எங்கன்னு கேப்பாங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரத்தானே குடியுரிமை கேட்டீங்க?

— அதுக்கேதான். அவ ஊருல பெட்டி கட்டி வச்சிட்டு உக்காந்திருக்கா. குளிரெடுத்தா பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கறா. வெயில் வந்ததும் மடிச்சுத் திரும்ப உள்ள வச்சிடறா. என்ன சாப்பிட்டீங்கன்னு போன்ல கேக்கறா, விருந்துங்கறேன். ஒத்தைத் தட்டைக் கழுவிக் கவுத்தற வேலை இருக்கே, அது உங்களுக்குத் தெரியாதும்மா.

— தெரியும்ங்க. அதனாலதான் உங்க பைலை இன்னும் மேசையை விட்டு எடுக்காம வச்சிருக்கேன். சரி, விஷயத்துக்கு வாங்க. ராஜா ஆனது எப்படி?

— கல்யாணமான புதுசு. ஒரு சரக்குக் கப்பல்ல நான் சமையல்காரன், அவ எனக்குக் கையாள். கப்பல் தரை தட்டிடுச்சு. இறங்கிப் பாத்தா தீவு. அங்க ராஜா போய்ச் சேர்ந்து சிம்மாசனம் காலியாக் கிடக்குது. அந்த ஊருல ஒரு முறை உண்டு, ஆட்டை அவுத்து விட்டுடுவாங்க. அது போய் யாருகிட்ட நிக்குதோ அவங்களுக்குத்தான் ஆட்சி.

— உங்ககிட்ட வந்துச்சாக்கும்.

— நேரா எங்க பக்கம்தான் வந்துச்சு.

— எங்க பக்கம்னா?

— நானும் அவளும் ஒட்டி நின்னுட்டிருந்தோம். வந்து அவ முந்தானையைக் கடிச்சுட்டு நின்னுது. ஊரே விழுந்து கும்பிட்டுது.

— ஓகோ. அப்புறம் ராஜாவா என்னென்ன பண்ணினீங்க?

— மூச்சு விட நேரம் கிடையாதும்மா. விடிஞ்சா தண்ணி தூக்கணும், விறகு பிளக்கணும். சபை கூடினா குடை பிடிக்கணும்.

— ராஜாவுக்குத்தான் குடை பிடிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

— அங்க வேற மாதிரி. எளிமையான ஆட்சி.

— வீட்டம்மா அப்ப என்ன பண்ணிட்டிருந்தாங்க?

— அவளுக்குக் கால் வலி. உசரமான ஆசனமாப் பாத்து உக்காத்தி வச்சிருந்தோம். சண்டை போட்டுட்டு வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசுவா. அவங்களும் தோள் மேல கை போட்டுட்டுப் போயிடுவாங்க.

— கிரீடம் எங்க இருந்துச்சு?

— அவ தலையில. எனக்கு வேர்க்கும்.

— ஐயா, வழி கிடைச்சிருச்சு. பொய் சொல்றது வேற, மனசாரத் தப்பா நம்பறது வேற. சட்டத்துல அது ரெண்டும் ஒண்ணு இல்ல. நீங்க ராஜாவே இல்ல, ஆனா ராஜான்னு உண்மையாவே நம்பிட்டு இருந்தீங்கன்னு கூட இருந்த ஒருத்தர் சொன்னாப் போதும். துறக்கவும் வேண்டாம், பொய் சொன்னதாவும் ஆகாது. அம்மா நம்பரைக் குடுங்க.

— அவகிட்ட இதெல்லாம் எதுக்கு வக்கீலம்மா? நானே தீவைத் தேடிப் போய்ச் சான்றோட வர்றேன்.

— ஏன், மாட்டிக்குவீங்களோ?

— அவ என்னை மாதிரி இல்ல. பொய்யே வராது அவளுக்கு.

— அப்ப அவங்களை விட நல்ல சாட்சி கிடைக்காது. சத்தம் போடாம இருங்க, மணி அடிக்குது. அம்மா, வணக்கம். உங்க வீட்டுக்காரரோட வக்கீல் பேசறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அவரும் எதிர்லதான் இருக்காரு. ஒரே ஒரு கேள்வி. இவரு எப்பவாவது ஒரு தீவுக்கு ராஜாவா இருந்தாரா?

— ராஜாவா? இவரா? பாவம், இன்னும் அதையேதான் சொல்லிட்டுத் திரியறாரா? இல்லவே இல்லம்மா. எங்க வந்து வேணாலும் சத்தியம் பண்றேன்.

— ஆனா அவரு நிஜமாவே அப்படி நம்பினாரா?

— நம்பினாரு. மனசு நோகக்கூடாதேன்னு ஊரும் விட்டுக்குடுத்துது.

— போதும்மா, ஐயா மனு பிழைச்சுது. இதை அப்படியே எழுதி அனுப்பறேன், கையெழுத்துப் போட்டுடுங்க. இவருக்குக் குடியுரிமை வந்ததும் அடுத்தது உங்க மனு. உங்களையும் கையைத் தூக்கச் சொல்லி இதே கேள்வியைக் கேப்பாங்க. பேசாம இல்லேன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

— எப்படிம்மா இல்லேன்னு சொல்றது? ஆடு வந்து நின்னது என்கிட்ட. நான் இன்னும் பதவியை விடலையே.