நைனாவுக்கு முன்னால் ஓர் இலை

வல்லம் பஸ்ஸில் மூவர் இருக்கையில் நால்வர் இருந்தோம். என்னை நெருக்கியபடி ஓர் அண்ணனும் தங்கையும் இறந்துபோன அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நாளைக்கு நைனாவுக்கு அமாவாசை படையல். வந்துடு."

"வர்றேன்ண்ணா. சாமிக்கோ செத்தவங்களுக்கோ படைச்சத மட்டும் நான் சாப்பிட மாட்டேன். சர்ச்சுக்குப் போறவ நானு."

"சாப்டாம போனா நைனாவ மதிக்கலன்னுதான் அர்த்தம். எனக்கு மனசு ஆறாது."

"அப்போ படைக்கறதுக்கு முன்னாடியே எனக்கு இலை போட்டுடு."

"நைனாவுக்கு முன்னாடியா? இன்னா பேச்சு இது!"

"உயிரோட இருந்தப்போ மட்டும் எப்படி இருந்துச்சாம்? நான் சாப்ட்டு முடிக்காம நைனா என்னைக்காவது சோத்துல கை வச்சிதா?"

அண்ணன் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கும்போது சொன்னார்:

"காலையில சீக்கிரமா வா. வடை சூடா இருக்கும்."