கோரம் ஐயாவும் கூடாத குழுவும்

மேடையில் அமர்ந்திருக்கும் மேலவையின் முன்னாள் தலைவர் அவர்களே, இரு அவைகளின் உறுப்பினர்களே, செயலகப் பணியாளர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் செயலாளரின் துணைவியாரே, மகளே, எல்லாருக்கும் என் வணக்கம். நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறீர்கள். ஏழு பேரை ஓர் அறையில் சேர்ப்பதற்காக இருபத்திரண்டு ஆண்டுகள் மாடிப்படி ஏறி இறங்கிய மனிதருக்கு இன்று இத்தனை பேர்!

கூட்டுக்குழுச் செயலாளர் என்பது அவருடைய பதவி. நாம் வைத்த பெயர் கோரம் ஐயா. இரு அவைகளும் ஒரு சட்டமுன்வடிவில் ஒத்துப்போகாவிட்டால் அதைக் கூட்டுக்குழுவுக்கு அனுப்புவார்கள். பேரவையிலிருந்து பதினான்கு பேர், மேலவையிலிருந்து ஏழு பேர். அந்த இருபத்தொருவரில் ஏழு பேராவது வந்தால்தான் கோரம். கோரம் இல்லையென்றால் கூட்டம் இல்லை. "ரெண்டு சம்பந்தி வீட்டையும் ஒரே பாயில உக்கார வைக்கிற வேலைங்க எனக்கு. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல, வந்து போடுங்க" என்பார். நாம் சிரிப்போம். போனோமா? கோரம் இல்லாததைவிடக் கோரம் வேறு என்ன இருக்கிறது, தோழர்களே!

கல் உடைக்கும் ஆலைகளில் தூசைத் தடுக்கும் சட்டமுன்வடிவை நீங்கள் மறந்திருக்கலாம். பேரவை நிறைவேற்றியது. சிறிய ஆலைகளுக்கு விலக்கு வேண்டும் என்றது மேலவை. பேரவை மறுத்தது. குழுவுக்கு வந்தது. முதல் குழுவின் முன்னால் ஒரு கல் உடைக்கும் தொழிலாளி சாட்சி சொன்னார். மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை இருமினார். கோரம் ஐயா அவருடைய நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப்போட்டு, தண்ணீர்க் குவளையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். அறிக்கை எழுதுவதற்குள் பேரவையின் காலம் முடிந்தது. சட்டமுன்வடிவு காலாவதி.

அடுத்த அவை, அடுத்த குழு. பழைய குழுவிடம் சொன்ன சாட்சியம் புதிய குழுவுக்கு ஆகாது என்றார்கள். மறுபடியும் அழைப்பு போனது. இந்த முறை அந்தத் தொழிலாளியின் மனைவி வந்தார், கணவரின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு. அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தக் குழுவும் கலைந்தது. மூன்றாவது குழுவுக்கும் அதே அம்மா வந்தார். அவரும் அதே ஆலையில் ஜல்லி அள்ளியவர். அப்போது இருமியது அவர்.

அந்த மூன்றாவது குழுவில் நான் உறுப்பினர். இனி நான் சொல்லப்போவது கோரம் ஐயாவைப் பற்றிய புகழுரை அல்ல, என்னைப் பற்றியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை தயார். விலக்கு வேண்டாம் என்று இரு அவைக்காரர்களும் ஒத்துக்கொண்டாயிற்று. ஏழு பேர் உட்கார்ந்து ஏற்க வேண்டும், அவ்வளவுதான். காலை பதினொரு மணி. நான் தரைத்தளத்து உணவகத்தில் இருந்தேன். மின்தூக்கி பழுது. மூன்று மாடி இறங்கி, மூச்சு வாங்க வந்து நின்றார் கோரம் ஐயா.

"ஐயா, மேல ஆறு பேர் உக்காந்திருக்காங்க. நீங்க வந்தா ஏழு. பத்து நிமிஷம் போதும்."

"டீய குடிச்சுட்டு வரேன், போங்க. உங்க குழு எங்க ஓடிடப் போகுது?"

"குழு ஓடாதுங்க. அவை ஓடிடும்னு பேசிக்கிறாங்க."

சிரித்தேன். நண்பர்கள் வந்தார்கள், பேச்சு நீண்டது. முக்கால் மணி நேரம் கழித்து நான் மேலே போனபோது, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஒருவர் கிளம்பியிருந்தார். மறுபடியும் ஆறு பேர். நாளைக் காலைக்கு ஒத்திவைத்தோம். அன்று மாலை நான்கு மணிக்குப் பேரவை கலைக்கப்பட்டது.

எந்த ஆலை முதலாளியும் என்னைத் தடுக்கவில்லை. கட்சி கட்டளையிடவில்லை. தடுத்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். டீ ஆறிவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன், தோழர்களே! டீ ஆறிவிடுமே என்று!

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு வரித் தீர்மானத்தை எழுதி வைத்துக்கொண்டு அலைந்தார்: "முந்தைய குழுக்கள் பெற்ற சாட்சியத்தைப் புதிய குழுவும் ஏற்கலாம்." அதை அவையில் முன்மொழிய ஓர் உறுப்பினர் வேண்டும். இருபத்திரண்டு ஆண்டு தன் வீடுபோல நடமாடிய கட்டடத்துக்குள் நுழைய, பார்வையாளர் சீட்டுக்கு வரிசையில் நின்றார். பதினோரு உறுப்பினர்களைப் பார்த்தார். "வெச்சுட்டுப் போங்க" என்றார்கள் பதினொருவரும். போன மாதம், காத்திருப்போர் பெஞ்சில், கையில் சீட்டோடு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காவலர் என்னிடம் சொன்னார்: "அவர் முறை வந்துச்சு சார். மூணு தரம் கூப்பிட்டேன்."

அவருடைய துணைவியாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அண்ணா, உங்க மேல அவருக்குக் கோபம் இல்ல. கோபம் இருந்திருந்தா அவருக்கு நல்லா இருந்திருக்கும்" என்றார்.

இரங்கல் கூட்டத்தில் 'அவர் விட்ட பணியைத் தொடர்வோம்' என்று சபதம் செய்வது மரபு. எனக்கு வாய் வரவில்லை. தேர்தலில் தோற்றேன், இன்று நான் உறுப்பினரே அல்ல. புதிய அவையின் அலுவல் பட்டியலில் அந்தச் சட்டமுன்வடிவு இல்லை. வரும் என்று யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை.

சாட்சி சொன்ன அந்த அம்மா இன்று வந்திருக்கிறார். வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்: "மறுபடி கூப்பிடுவாங்களா?"

பொய் சொல்ல மனமில்லை. "கூப்பிடுவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்லம்மா" என்றேன்.

"கூப்பிட்டா வரேன். ஆனா சீக்கிரம் கூப்பிடச் சொல்லுங்க தம்பி. இப்ப நாலு படிக்கு மேல ஏற முடியல."

திங்கட்கிழமை காலை அந்த ஒரு வரித் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு பார்வையாளர் வரிசையில் நிற்பேன். யாராவது வாங்கிப் படிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் நிற்பேன்.