கப்பலில் இருந்து இறங்கி எந்த வீட்டுக்கு?

ஹலோ... ஹலோ, ராத்தா?... வஅலைக்கும் ஸலாம். ஓம், ஸுஹைறாதான் கதைக்கன். உங்கட தங்கச்சிட குரலும் மறந்து போச்சா? கலியாணம் முடிச்சி ஒரு கிழமதானே ஆகுது... கேக்குது, கேக்குது, கத்தாதீங்க. கப்பல்ல இரிக்கிற ஆக்கள் பயந்திருவாங்க.

சத்தமா?... அது பக்கத்து வூட்டுல மேசன் வேல... ஓம், ஓம், பக்கத்து வூட்டுலதான். இஞ்சேருங்க, அந்த மேசனக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்களன்!... ஆ? உங்களுக்கில்ல ராத்தா, இவருக்கிட்டச் சொன்ன. வேலிக்கு மேலால சொல்லுவாரு. நீங்க சொல்லுங்க.

சரி புதுப்பொண்ணு, மாலைதீவு எப்பிடி?... ம்... ம்... சின்னக் கப்பலா? சின்னது எண்டா?... அல்லாஹ்! அதுக்குள்ள நீந்துற குளமுமா? சுத்திவரக் கடல வெச்சிக்கிட்டு, நடுவுல குளம் கட்டிக் குளிக்காங்களா?... ஓம், ஓம், காசிருந்தா அப்பிடித்தான்.

ஆளில்லாத தீவுலயும் இறக்கினாங்களா? அங்க போய் என்ன செஞ்சீங்க?... என்னது?... தென்னோலையப் பொறுக்கி அடுக்கி வெச்சிட்டா வந்தீங்க!... ராத்தா, ஆளே இல்லாத தீவுல ஆரு வேலி கட்டப்போறாங்க?... ஓம், கிடுகு இழைக்க நல்ல ஓலையாத்தான் இரிக்கும்... மச்சான் பாவம். வெள்ளக்காரனெல்லாம் மல்லாந்து கிடந்து வெயில் காய, இவர்ர பொண்சாதி ஓலை பொறுக்கி இரிக்கா.

சாப்பாடு?... ஓம்... ஓம்... அப்ப மாசிச்சம்பல் போத்தலத் திறந்தாச்சி. மாசிக் கருவாடு வாற நாட்டுக்கே மாசிச்சம்பல் கட்டிக் கொண்டுபோன ஒரே ஆள் நீங்கதான்... அஸ்கியும் கேட்டுத் திண்டானா? அந்தக் கப்பல்ர குசினிக்கே அவன்தானே பெரியாள், அவனுக்கு நம்மட சம்பலா?... நல்ல புள்ள. வாப்பாக்கும் வாப்பாட புதுப்பொண்சாதிக்கும் கப்பல்ல றூம் எடுத்துக் குடுக்க எந்த மகனுக்கு மனம் வரும், சொல்லுங்க.

மச்சான் எங்க?... தொழுறாரா? சரி, சரி... ஏன் சிரிக்கிறீங்க?... சொல்லுங்களன்... மெய்யா?... பொறுங்க, பொறுங்க. அவர்ர ஊர் சாய்ந்தமருதுல கடலுக்கு முதுகக் காட்டி நிண்டா தொழுற திசை, கிப்லா, சரி. அதே பழக்கத்துல கப்பல்லயும் கடலுக்கு முதுகக் காட்டி நிண்டாரா?... றூம் யன்னலுக்கு முதுகக் காட்டி! யா அல்லாஹ்! நாலு பக்கமும் கடல் ராத்தா. கப்பல் கிறுகித் திரும்பினா?... அப்ப வந்த நாள் தொட்டு அலுமாரியப் பாத்தா தொழுதாரு?... ஓ, அஸ்கி வந்து ஃபோன்ல திசை காட்டினானா... நான் சிரிக்கல்ல. இருமுறன்... அல்லாஹ் மனசுல உள்ள நிய்யத்தப் பாப்பான், கவலைப்பட வேணாமெண்டு சொல்லுங்க.

சரி, ராத்தா. சனிக்கிழம வாறீங்க. எந்த வூட்டுக்கு வாறீங்க?

...நம்மட பக்கம் கடலால வாற சூரியன், அங்க கடலுக்குள்ள போகுதா? வடிவாத்தான் இரிக்கும். நான் அதக் கேக்கல்ல. எந்த வூட்டுக்கு?... டொல்பினா? டொல்பினுக்கும் என்ட ஸலாத்தச் சொல்லுங்க. எந்த வூட்டுக்கு?

...என்ன? இன்னும் ஒரு கிழம நிக்கப்போறீங்களா?... ஏன்?... ஆசையா இரிக்காம்! ராத்தா, உங்கள எனக்குத் தெரியாதா? வேலையாள் வர முந்திக் கட்டில நீங்களே விரிக்கிற ஆள். துவாய அன்னம் மாதிரி மடிச்சி வெச்சிரிக்கி, குலைக்க மனமில்ல எண்டு முக்காட்டால முகம் துடைச்ச ஆள். உங்களுக்குக் கப்பல்ல இன்னும் ஒரு கிழம இரிக்க ஆசையா? வேற ஆருக்காவது சொல்லுங்க.

மெய்யச் சொல்லுங்க... ம்... ம்... ஆரு சொன்ன, அது என்ட சீதன வூடெண்டு? வாப்பா அத மூத்த பொண்ணுக்கெண்டு கட்டின. நீங்கதான் கலியாணமே வேணாமெண்டு சொல்லி, அத எனக்குத் தந்துட்டுப் பின்னறையில போய்ப் படுத்த... ஓம், ஓம், தெரியும். தனி ஆளாப் பின்னறையில இரிக்கலாம், மாப்பிள்ளையோட இரிக்க ஏலா. தங்கச்சிட மாப்பிள்ளை இரிக்கிற வூட்டுல நீங்களும் ஒரு மாப்பிள்ளையக் கொண்டு வந்தா ஊர் சிரிக்கும். அதானே?... அப்ப சாய்ந்தமருதுக்கா போகப்போறீங்க? மாப்பிள்ளைட வூட்டுக்கு? நம்மட ஆக்கள்ல எந்தப் பொண்ணு மாப்பிள்ளைட வூட்டுல போய் இருந்தா? மாப்பிள்ளைதானே பொண்ணுட வூட்டுக்கு வாற!

...ராத்தா?... அழுறீங்களா?... என்ன?... அங்கயும் இல்லையா?

ஓ...

ஓம். ஓம், அதானே. நான் அத யோசிக்கவே இல்ல. அது அவர்ர மௌத்தாப் போன முதல் பொண்சாதிட வூடு. அது இப்ப மகளுக்குப் போயிட்டு... மகள்ர மாப்பிள்ளையும் வந்தாச்சி... மச்சான் விறாந்தையிலயா படுக்காரு? இவ்வளவு நாளுமா?... அப்ப பொண்ணுக்கும் வூடில்ல, மாப்பிள்ளைக்கும் வூடில்ல எண்டுதான் ரெண்டு பேரும் கடல்ல சுத்துறீங்களா?... என்ன சொன்னீங்க?... கப்பல் றூமப் பூட்டினா எங்கட வூடு மாதிரி இரிக்கி எண்டா?... ராத்தா, அப்பிடிச் சொல்லாதீங்க.

மச்சான் தொழுது முடிச்சா ஃபோனக் குடுங்க... குடுங்க... பகிடி பண்ண மாட்டன், குடுங்க.

மச்சானா? அஸ்ஸலாமு அலைக்கும்... ஓம், ஸுஹைறா... கிப்லாவா? எனக்கு ஒண்டும் தெரியாது மச்சான், ராத்தா ஒண்டுமே சொல்லல்ல... அலுமாரியா? என்ன அலுமாரி?... சரி, சரி, விடுங்க. மச்சான், ஒரு விசயம். பொண்ணு வூட்டு ஆக்கள்தானே மாப்பிள்ளை கேட்டுப் போற. நாங்க அவசரத்துல நிக்காஹ்வப் பள்ளியில முடிச்சி, நேரா உங்களக் கப்பலுக்கு அனுப்பிட்டம். மாப்பிள்ளைய வூட்டுக்குக் கூட்டி வரவே இல்ல. அதால இப்ப கேக்கன். சனிக்கிழம நீங்க எங்கட ராத்தாட வூட்டுக்கு மாப்பிள்ளையா வரணும்... இல்ல, பொறுங்க... கல்முனையில வாடகைக்கு எடுக்கிற கதைய விடுங்க... என்னச் சொல்லி முடிக்க விடுங்க.

இந்தச் சத்தம் கேக்குதா? சுத்தியல் சத்தம்? அது பக்கத்து வூடில்ல, மச்சான். எங்கட வூடுதான். நீங்க போன அண்டு தொட்டு நடக்குது. றோட்டுப் பக்கத்துப் பாதி ராத்தாக்கு. தனி வாசல், தனிக் குசினி. நடுவுல ஒரு கதவு, அதுக்குக் கொக்கி உங்கட பக்கத்துல. நாங்க வாறதெண்டாத் தட்டிட்டுத்தான் வருவம்... ஓம், இவருக்கும் விருப்பம்தான். இவருதான் முதல்ல சொன்ன... ஊர் என்ன சொல்லும்? ராத்தா ராத்தாட வூட்டுக்கு வாறா, மாப்பிள்ளை பொண்ணுட வூட்டுக்கு வாறாரு எண்டு சொல்லும். சீமெந்து மணம் கொஞ்சம் இரிக்கும், அதுக்கு மட்டும் குறை சொல்லப்படாது.

மச்சான்?... ஹலோ?... லைன் கட்டாயிட்டா?... ஆ, இரிக்கீங்களா... மச்சான், புதுமாப்பிள்ளை இப்பிடி அழப்படாது. அந்தக் கடல்ல ஏற்கனவே உப்புக் காணும், உங்கட கண்ணீர் வேணாம்.

ராத்தாவா?... காத வெச்சிக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?... ஓம், மெய்தான்... ஓம், உங்களுக்குத்தான்... ஒண்டும் சொல்ல வேணாம். கொஞ்சம் அழுங்க. நானும் அழுறன்.

...

என்ன?... குசினி யன்னலா? அது... சின்னதாத்தான் வெச்சிரிக்கி... ஏன், அளவு காணாதா?... புகை போகாதா?... ராத்தா, மேசன் சாந்து பூசிட்டான்!... ஓம்... ஓம்... எந்தப் பக்கம்? கிணத்துப் பக்கமா?... பெரிசா எண்டா எவ்வளவு பெரிசு?... ஓம்... நில்லுங்க, நில்லுங்க, ஒண்டொண்டாச் சொல்லுங்க! இஞ்சேருங்க, மேசன் போயிடப் போறான், பிடிங்க! குசினி யன்னல உடைக்கணுமாம்!

ஹலோ?... ராத்தா?... ஹலோ?... கட்டாயிட்டு.

இஞ்சேருங்க, பகிடி இல்ல, மெய்தான், உடைக்கச் சொல்லுங்க... ஆரு சொன்னதா? வூட்டுச் சொந்தக்காரி.