வேண்டாத கோச்

மேரிசெலின்: தொடாதையும்! அந்த ரோல்ஸ் ரசிகர்மாருக்கு.

பீற்றர்: நானும் ரசிகன்தானே அக்கா...

மேரிசெலின்: நீர் தலைவர். ஃபுட்போல் கழகத் தலைவருக்கு இண்டைக்குப் பச்சைத் தண்ணியும் இல்லை.

பீற்றர்: காலமை பூசைக்குப் போனது. இன்னும் வயித்திலை ஒண்டும் படேல்லை. ஒரே ஒண்டு...

மேரிசெலின்: அந்த எதிர்க்கழகத்து ஹேர்னிங்காரனைக் கோச்சா எடுக்கேக்கை வயிறு நிறைஞ்சுதானே இருந்தது? போய் அவனிட்டைக் கேளும். பொரிச்சுத் தருவான்.

பீற்றர்: லவன் எண்டு அந்தாளுக்குப் பேர் இருக்கு.

மேரிசெலின்: என்ரை வாயிலை அந்தப் பேர் வராது. எண்ணெய் கொதிக்குது, தள்ளி நில்லும்.

பீற்றர்: எண்ணெயோ, நீங்களோ?

மேரிசெலின்: ரெண்டும்தான். அது சரி, ஏன் குசினிக்குள்ளை வந்து ஒளிச்சு நிக்கிறீர்? அங்காலை ஹோல் நிறையச் சனம் உம்மைத்தான் தேடுது.

பீற்றர்: ஒளிக்கேல்லை. தேத்தண்ணி போட வந்தனான்.

மேரிசெலின்: கேத்தில் இஞ்சாலை இருக்கு. நீர் நிக்கிறது குளிர்ப்பெட்டிக்குப் பின்னாலை.

அஜந்தினி: பீற்றர் அங்கிள்! இஞ்சையோ நிக்கிறீங்கள்? உங்களைத் தேடிக் கார் நிப்பாட்டுற இடம் மட்டும் போயிட்டு வாறன்!

மேரிசெலின்: வாரும், செயலாளர் அம்மா. காணாமல்போன தலைவரைக் கண்டுபிடிச்சிட்டீர்.

அஜந்தினி: அன்ரி, ப்ளீஸ், இண்டைக்கு மட்டும் சண்டை வேண்டாம். அங்கிள், ஹோலிலை கதிரை காணாது. பள்ளிக்கூட ஜிம்முக்குள்ளை இருந்து வாங்கில் இழுத்துக்கொண்டு வருகினம். கந்தையா அங்கிள் கூட வந்திட்டார், பொல்லோடை.

பீற்றர்: கந்தையா அண்ணையோ? அவர் ஒரு பந்தைக் கண்டே எத்தினை வருசம்!

அஜந்தினி: முன்வரிசையிலை இருக்கிறார். லவன் அங்கிள் உள்ளை வரப் பொல்லைத் தூக்கிக் காட்டினவர்.

பீற்றர்: லவன் வந்திட்டாரோ... எங்கை இருக்கிறார்?

அஜந்தினி: கடைசி வரிசை. அவருக்கு ரெண்டு பக்கமும் கதிரை சும்மா கிடக்கு. சனம் நிண்டாலும் நிக்குமாம், அதிலை இருக்காதாம்.

மேரிசெலின்: வேணும். மைக்கிலை கதைச்ச வாய்க்கு அது காணாது.

அஜந்தினி: அன்ரி, அந்த மைக் கதையை விடுங்கோவன்...

மேரிசெலின்: விடுறதோ? நீர் போன சமர் ரூர்னமென்ற் ஃபைனலுக்கு வந்தனீரோ?

அஜந்தினி: நை, இல்லை... எனக்கு அண்டைக்கு வேலை.

மேரிசெலின்: அதுதான் ஆறுதலாக் கதைக்கிறீர். ஹேர்னிங்கிலை, அவையின்ரை சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்க, எங்களைப் பெனால்டியிலை வெண்டுபோட்டுக் கப்பைத் தூக்கிக்கொண்டு மைக்கிலை என்ன சொன்னவன்? "ஒடென்சேக்காரர் ரோல்ஸ் பொரிக்கத்தான் சரி." அங்கை ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டது ஆர்?

அஜந்தினி: நீங்கள்.

மேரிசெலின்: நான்! கையிலை கரண்டியோடை!

அஜந்தினி: தெரியும் அன்ரி. அம்மாவும் ஒவ்வொரு நாளும் சொல்லுறா. தானும் காதாலை கேட்டவவாம்.

பீற்றர்: நானும்தான் கேட்டனான். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலைதானே நிண்டனான். அந்தாள் பகிடிக்குச் சொன்னது...

மேரிசெலின்: கேட்டுப்போட்டும் கூட்டிக்கொண்டு வந்தீரே! ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் எண்டு சொல்லுவினம். இஞ்சை கூத்தாடிக்கு ஹேர்னிங்கிலை இருந்து ரயில் ரிக்கற்றும் எடுத்துக் குடுத்திருக்கு.

பீற்றர்: அக்கா, யோசிச்சுப் பாருங்கோ. போன வருசம் எங்களுக்குக் கோச் எண்டு ஒருத்தர் இருந்தவரோ? டிலுக்சன்தான் கோல்கீப்பர், டிலுக்சன்தான் கோச். "நீ அங்காலை போ, நீ இஞ்சாலை வா" எண்டு அவன் கையைக் காட்டிக்கொண்டு நிக்க, பின்னாலை பந்து உள்ளுக்கை போயிட்டுது.

மேரிசெலின்: அதுக்கு? வீட்டிலை கறி உப்பெண்டால் பக்கத்து வீட்டு மனிசியைக் கூட்டிக்கொண்டு வாறதோ?

அஜந்தினி: ஐயோ, ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ! அங்கிள், எனக்குப் பயமாயிருக்கு. அங்கத்தவர் மட்டும்தான் வோட் போடலாம் எண்டு நீங்கள் குரூப்பிலை போட்டீங்களெல்லே... அண்டு பின்னேரமே சனம் சேரத் துவங்கிட்டுது. குடும்பம் குடும்பமா! லவன் அங்கிளைக் கலைக்கிறதுக்கெண்டே!

மேரிசெலின்: தன்பாட்டிலை சேரேல்லைப் பிள்ளை. நான் வீடு வீடாப் போய்ச் சேர்த்தனான். பெந்தகோஸ்தே ஆக்களையும் விடேல்லை.

பீற்றர்: அவையுமோ?

மேரிசெலின்: இன்பமலர் முதலிலை, "நாங்கள் உந்த விளையாட்டுகளுக்கு வாறேல்லை, ஜெபக்கூட்டம் இருக்கு" எண்டவ. மைக் கதையைச் சொன்னன். அந்த இடத்திலையே ஃபோனை எடுத்துச் சேந்திட்டா. புருசனையும் சேர்த்திட்டா. அந்தாளுக்கு இன்னும் தெரியாது.

அஜந்தினி: போன வருசப் பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது பேர். அதிலையும் ஒருத்தி யோகா வகுப்பெண்டு நினைச்சு வந்த டெனிஷ் மனிசி.

பீற்றர்: பாவம், கடைசி மட்டும் இருந்தவ.

மேரிசெலின்: ரோல்ஸுக்கு.

அஜந்தினி: சிரிக்காதையுங்கோ! போன கிழமையும் கொமூனிலை, நகரசபையிலை இருந்து எனக்கு ஃபோன் எடுத்தவை. உங்களிட்டை ஆக்கள் இல்லை, புதன்கிழமைக் கிரவுண்டை வேறை கழகத்துக்குக் குடுக்கப்போறம் எண்டு. அந்த நடந்து விளையாடுற வயசான டெனிஷ்காரர் இருக்கினமெல்லே, அவைக்கு.

மேரிசெலின்: நடந்தோ? ஃபுட்போலோ?

அஜந்தினி: ஓம். ஓடினால் ஃபவுல்.

மேரிசெலின்: அப்ப எங்கடை பெடியள் அதிலை சேரலாம். ஒரு ஃபவுலும் வராது.

அஜந்தினி: அன்ரி! கிரவுண்ட் போனால் கழகம் முடிஞ்சுது. இப்ப கொமூனுக்குக் காட்ட ஆக்கள் இருக்கு, சரி. ஆனா வோட்டிலை அங்கிள் தோத்தால் கொமிற்றி முழுக்க வெளியிலை. பிறகு ஆர் நடத்துறது? எனக்குப் படிப்பிலை சோதினை வருது. எனக்கு ஏலாது.

பீற்றர்: நீர் பயப்பிடாதையும் பிள்ளை. போய்க் கூட்டத்தைத் துவங்கும். டெனிஷிலை துவங்கும்.

அஜந்தினி: ஏன் டெனிஷிலை?

பீற்றர்: கத்த நினைக்கிறவை கொஞ்ச நேரம் சொல்லுத் தேடுவினம்.

அஜந்தினி: நீங்கள் வரேல்லையோ?

பீற்றர்: தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.

மேரிசெலின்: அவர் வரமாட்டார். நீர் போம்.

பீற்றர்: கதவடியிலை நிண்டு ஒருக்காக் கேட்டுப் பாக்கிறன்...

மேரிசெலின்: என்ன, சத்தம் கேக்குதோ?

பீற்றர்: கதிரை தட்டுகினம்.

மேரிசெலின்: தட்டட்டும். சனத்துக்குச் சூடு சுரணை இருக்கு. நீரும் போய் ரெண்டு வார்த்தை பேசினால் என்ன? பயந்தாங்கொள்ளி.

பீற்றர்: நீங்கள்தானே போராட்டத் தலைவி. நீங்கள் ஏன் இஞ்சை நிக்கிறியள்?

மேரிசெலின்: எண்ணெயை ஆர் பாக்கிறது? இந்தாரும்... இது வெடிச்சுப் போச்சு. விக்க ஏலாது. தின்னும்.

பீற்றர்: வெடிச்சதுதான் எனக்கோ?

மேரிசெலின்: வேண்டாமெண்டால் வையும்.

பீற்றர்: பொறுங்கோ, பொறுங்கோ... ம்ம். உறைப்பு.

மேரிசெலின்: இண்டைக்கு வேணுமெண்டு கூடப் போட்டனான். உறைப்புத் திண்டு வோட் போட்டால்தான் வேகம் வரும்.

பீற்றர்: அக்கா, லவன் நல்லாப் பழக்குறார். அவர் வந்தாப் பிறகு நீங்கள் ஒருக்காலும் வந்து பாக்கேல்லை. முந்தி ஆறு பேர் வந்து பந்தைத் தட்டிப்போட்டு ஃபோனைப் பாத்துக்கொண்டு நிண்ட பெடியள். இப்ப ஆளுக்கு முதல் ஆள் வந்து நிக்கிறாங்கள்.

மேரிசெலின்: ஏனாம்?

பீற்றர்: அவரை ஒரு நாள் பந்தோடை டிரிபிள் பண்ணி விழுத்துறதுக்கு.

மேரிசெலின்: விழுத்தினாங்களோ?

பீற்றர்: இன்னும் இல்லை. கிட்டப் போயிட்டாங்கள்.

அஜந்தினி: அங்கிள்! அன்ரி! லவன் அங்கிள் எழும்பிக் கதைச்சவர்!

மேரிசெலின்: மன்னிப்புக் கேட்டவனோ?

அஜந்தினி: நை! "நான் சொன்னது சொன்னதுதான். பிழையெண்டால் கிரவுண்டிலை காட்டுங்கோ. கதிரையிலை இருந்து காட்டாதையுங்கோ" எண்டார்!

பீற்றர்: கடவுளே... பிறகு?

அஜந்தினி: பிறகென்ன, ஹோல் கிடுகிடுத்தது. எங்கடை அம்மா வாங்கிலுக்கு மேலை ஏறிட்டா. அவ முழங்கால் வருத்தக்காரி! அப்பதான் கந்தையா அங்கிள் பொல்லாலை நிலத்திலை தட்டினவர்.

மேரிசெலின்: அடிக்கப் போனவரோ?

அஜந்தினி: இல்லை. "மொக்குச் சனங்களே, இவனை இண்டைக்குக் கலைச்சால் நாளைக்கு எங்கை போவான்? ஹேர்னிங்குக்குத்தானே! எங்கடை பெடியளின்ரை குறை நிறை எல்லாம் பாத்துக்கொண்டு போவான். விடாதையுங்கோ. இஞ்சையே வைச்சிருங்கோ, கண்ணுக்கு முன்னாலை வைச்சிருங்கோ!" எண்டார்.

பீற்றர்: ஆ...

அஜந்தினி: உடனை எல்லாரும் மாறிட்டினம்! வோட் முடிஞ்சுது. சமர் ரூர்னமென்ற் முடியுமட்டும் லவன் அங்கிள் இருக்கிறார். ஹேர்னிங்கை வெல்லாட்டிப் போகவேணும். அதுவரைக்கும் ஒவ்வொரு புதன்கிழமையும் அவரைக் கண்காணிக்க ஒரு குழு.

மேரிசெலின்: என்ன குழு?

அஜந்தினி: கண்காணிப்புக் குழு. கிரவுண்டைச் சுத்தி நிண்டு அவர் ஒழுங்காப் பழக்குறாரோ எண்டு பாக்க. அஞ்சு பேர் போதுமெண்டன். கேக்கினமில்லை, எல்லாருக்கும் அதிலை இடம் வேணுமாம். மழை பெய்தாலும் வருவினமாம். தலைவி நீங்கள்தான் அன்ரி. உங்களைக் கேக்காமலே தெரிவு செய்திட்டினம்.

மேரிசெலின்: ம்... என்னைக் கேட்டிருந்தால் மாட்டன் எண்டிருப்பன்.

அஜந்தினி: ப்ளீஸ் அன்ரி!

மேரிசெலின்: சரி, சரி. சனம் கேக்குதெண்டால் செய்யத்தானே வேணும். இந்தத் தட்டைக் கொண்டுபோம். முதலிலை கந்தையா அண்ணைக்குக் குடும்.

அஜந்தினி: லவன் அங்கிளுக்கு?

மேரிசெலின்: கடைசியாக் குடும். எல்லாரும் பாக்கக் குடும்.

அஜந்தினி: ஓகே. நான் இப்பவே கொமூனுக்கு மெயில் போடுறன். இத்தினை ஆக்களைக் கண்டால் இனி எங்கடை கிரவுண்டிலை ஒருத்தரும் கை வைக்கேலாது!

பீற்றர்: போட்டு வாரும் பிள்ளை... அக்கா, அந்தக் கதவை ஒருக்காச் சாத்துங்கோ.

மேரிசெலின்: ஏன்?

பீற்றர்: ஒண்டு சொல்லவேணும். ஃபாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுவம் எண்டால், அவரும் அங்கத்தவர் ஆகிட்டார்.

மேரிசெலின்: சாத்திட்டன். சொல்லும்.

பீற்றர்: நீங்கள் கோவிக்கக் கூடாது.

மேரிசெலின்: அதைக் கேட்டாப் பிறகு சொல்லுறன்.

பீற்றர்: லவனை நான்... நல்ல கோச் எண்டு மட்டும் எடுக்கேல்லை. சனத்துக்குக் கண்ணிலையும் காட்டக்கூடாத ஆள் எண்டுதான் எடுத்தனான். பிடிச்ச ஆளை எடுத்தால் "நல்லது" எண்டுபோட்டு வீட்டிலை இருப்பினம். கொதி வந்தால் வருவினம். கலைக்கிறதெண்டால் வோட் வேணும், வோட் வேணுமெண்டால் அங்கத்தவர் ஆகவேணும்...

மேரிசெலின்: ஓகோ.

பீற்றர்: ஆனா முதலிலை பிழைச்சுப் போச்சு. குரூப்பிலை லவன்ரை பேரைப் போட்டுப்போட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறன்... ரெண்டு கட்டைவிரல் லைக்தான் வந்தது. அதிலை ஒண்டு என்ரை மனிசியின்ரை. ஹேர்னிங்கிலை தோத்ததைக் கூடச் சனம் மறந்திட்டுது! கிரவுண்ட் போச்சு எண்டு அண்டு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. அடுத்த நாள்தான் உங்கடை வொய்ஸ் மெசேஜ் வந்தது, மைக் கதையோடை. ஒடென்சே பத்தி எரிஞ்சுது!

மேரிசெலின்: அப்ப நான் கொதிக்க, நீர் அதிலை குளிர் காஞ்சிருக்கிறீர்.

பீற்றர்: மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. உண்மையா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தாள் அண்டைக்கு மைக்கிலை அப்பிடிச் சொன்னது எங்களுக்குக் கடவுள் செயல்.

மேரிசெலின்: நீர் அதைக் காதாலை கேட்டனீர்?

பீற்றர்: ஸ்பீக்கருக்குப் பக்கத்திலை நிண்டு கேட்டனான் எண்டுறன்!

மேரிசெலின்: தம்பி, அண்டைக்கு மழைக்கு அந்த மைக் வேலையே செய்யேல்லை, வாயாலை கத்தித்தான் கப்பே குடுத்தவை... அந்தக் கதை நான் கட்டினது. கிரவுண்ட் போகப்போகுது எண்டு அஜந்தினியின்ரை தாய் சொன்னவ, உம்மடை குரூப்பிலை ரெண்டு கட்டைவிரலைத் தவிர ஒண்டையும் காணேல்லை, லவனுக்கு ஃபோன் எடுத்து, "உம்மடை பேரிலை ஒரு பொய் சொல்லட்டோ?" எண்டு கேட்டன். மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டு, "இன்னும் கொஞ்சம் உறைப்பாப் போடுங்கோ அக்கா" எண்டார். ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? வேலையும் விட்டாச்சு, பிள்ளையள் ஒண்டு அல்பர்ட்ஸ்லுண்டிலை, ஒண்டு இஷொயிலை, ரெண்டும் தூரம். புதன்கிழமையும் போச்செண்டால் நான் ஆரோடை தம்பி சண்டை பிடிக்கிறது?