கூடையைச் சுற்றி ஒரு கோடு

நாய் வளர்த்தால் எனக்குத் தும்மல் வராது. மருமகளுக்குத்தான் வரும். எல்லாம் அதிலிருந்து தொடங்கியது, ஐயா.

என் நாய் சீமாட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றான் மகன். மூன்று வருடம் என் பூட்டுக்கடை மேசைக்கு அடியில், என் செருப்பில் தலைவைத்துத் தூங்கியவள். தெருக்கோடியில் தனியாக இருந்த தையல்காரம்மாவிடம் கொடுத்தேன். நல்லவள். காலை ஒன்பதுக்கு வேலைக்குப் போனால் ஆறுக்குத்தான் திரும்புவாள். நாய் பத்திரமாக இருக்கட்டுமே என்று வாசற்கதவுக்குப் புதுப்பூட்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அவளுக்கு இரண்டு சாவி, எனக்கு ஒன்று.

சும்மா பார்க்கத்தான் போனேன். பதினோரு மணிக்கு ஈரல் வேகவைத்துக் கொண்டுபோவேன், ஊட்டிவிட்டு வந்துவிடுவேன். இரவில் சீமாட்டி தட்டை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று அந்தம்மா வைத்தியர் வைத்தியராக அலைந்தாள். நாய் குண்டாகிக்கொண்டே போவதாக அவர்கள் சொன்னார்கள்.

பிறகு நான்கு குட்டிகள். அவற்றின் கூடையைச் சமையலறையில் ஈர மூலையில் வைத்திருந்தாள். நான் ஜன்னலடிக்கு, வெயிலுக்கு நகர்த்தினேன். மாலையில் அவள் திருப்பி வைப்பாள். மறுநாள் நான்.

ஒருநாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டுப் போறாங்க."

"ஏதாவது காணாமப் போச்சாம்மா?"

"இல்லண்ணே, கூடைதான் நகருது. பக்கத்து வீட்ல கேட்டா, சீமாட்டி குலைக்கவும் இல்லையாம். பூட்டை மாத்திடுங்க."

மாற்றினேன். மூன்று தடவை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு இரண்டு சாவி, எனக்கு ஒன்று.

இதற்கிடையே குட்டிகளை வெளியூர்க்காரர்களுக்குக் கொடுப்பதாகப் பேசி வைத்தாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்போதுதான் அவள் ஒரு சாமர்த்தியம் செய்தாள். துணியில் அளவு குறிக்கும் சாக்பீஸால் கூடையைச் சுற்றித் தரையில் கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நான் ஈரத்துணியால் அதைத் துடைத்தேன். கூடையை ஜன்னலடியில் வைத்து, அவளுடைய சாக்பீஸாலேயே, அவளைப் போலவே சற்று அழுத்திக் கோடு போட்டேன்.

மறுநாள் அவள் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

"அண்ணே, எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு," என்றாள்.

அவளுடைய தம்பியை வரச்சொல்லிப் பேசினேன். கத்தரிக்கோலை அக்கா ஃபிரிட்ஜுக்குள் வைத்திருப்பதைக் காட்டினேன். ஃபிரிட்ஜுக்குள் இருந்தது உண்மை, நானே வைத்தது. தம்பி அவளை மனநலக் காப்பகத்தில் சேர்த்தான். சீமாட்டி என் கடைக்குத் திரும்பினாள். குட்டிகளை அக்கம்பக்கத்தில் நான்கு நல்ல வீடுகளுக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு ஒரு பூட்டு, இலவசம். உங்கள் மேசையில் கிடக்கும் நான்கு சாவிகளும் அந்த வீடுகளுடையவைதான். நேற்று அதில் ஒரு வீட்டுக்காரரான அந்தப் பல் வைத்தியர் மட்டும் சீக்கிரம் வீடு திரும்பாமல் இருந்திருந்தால், அவருடைய கட்டிலில் உட்கார்ந்து குட்டிக்கு உண்ணி எடுத்து முடித்திருப்பேன்.

அந்தம்மாவை நான் கைவிடவில்லை. இடம் மாறினால் யாரும் கொஞ்சநாள் அழத்தான் செய்வார்கள், சீமாட்டியும் அழுதாள். ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். போன வாரம் தன் கட்டிலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். கட்டில் இருட்டு மூலையில் கிடந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் அதை ஜன்னலோரம் நகர்த்தி, கோட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டுவிட்டு வந்தேன். அக்கறை இல்லாதவன் செய்கிற காரியமா இது, ஐயா?