மந்திரிக்குக் கொண்டுபோன போத்தல் தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறதியும் வந்துவிட்டது. நாட்டில் சண்டை முடிந்த பிறகு கற்பிட்டிப் பக்கமிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் கேட்ட கதை இது. எனக்கு முன்னால் ஒரு மீன்பிடிக்காரர் மடியில் போத்தல் தண்ணீரோடு இருந்தார்.

“என்னைய மறியலுக்கு அனுப்பி உள்ளுக்கு வெச்ச மனிசனத்தான் பாக்கப் போறன்,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

“யாரு நானா அது?” அண்ணனை எங்கள் பக்கம் நானா என்போம்.

“இப்ப மாகாண மந்திரியா வந்திருக்காரே, அவருதான். அப்ப அரசாங்கத்துக்காக வழக்குப் பேசினவரு. நான் வெடி போட்டு மீன் புடிச்ச வழக்கு.”

“திரும்பவும் உள்ளுக்குத் தள்ளிருவாரு, பாத்துக்கங்க!”

“இல்ல தம்பி. அண்டைக்கு கோட்டுல எனக்காக எவ்வளவோ கதைச்சாங்க. அவரு கனக்கக் கதைக்கல்ல. ஐஸுல வெச்சிருந்த மீனக் கீறி, வெடியில நொறுங்கின முள்ளக் காட்டினாரு. அதோட முடிஞ்சிது.”

“அதுக்கு இப்ப?”

“எங்கட பள்ளிக்கூடக் கிணறு உப்பாப் போச்சு. புள்ளைகள் குடிக்கத் தண்ணி இல்ல. மூணு பெட்டிசம் போட்டம், பதில் இல்ல. அவருக்குக் கதை வேணாம், சாமானக் காட்டணும். இந்தா, ஒரு வாய் குடிக்கச் சொல்லப் போறன்.”

மற்றவர் போத்தலை வாங்கி ஒரு மிடறு குடித்தார். உடனே ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

“யா அல்லாஹ்! வழக்கு வெண்டுட்டீங்க நானா!”

பஸ்ஸே சிரித்தது. நான் தில்லையடியில் இறங்கிவிட்டேன். அவர் ஏறியது ஆலங்குடாவிலா எத்தாளையிலா என்பது நினைவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் குழாய் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் குழாயைத் திறந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.